விசிலுக்குப் பிறகு

மறுபடியும் நின்றுவிட்டான்.

விசில் காதில் விழுந்ததுதான் தெரியும். இரண்டு கால்களும் ஈர மணலில் ஊன்றிக்கொண்டன. கைகள் தாமாக இடுப்புக்குப் போயின.

‘கட்’ என்றார் இயக்குநர்.

முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த தடவை ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

காட்சி ஒன்றும் பெரிய வித்தையில்லை. கடற்கரையில் மகள் செத்துக் கிடக்கிறாள். சுற்றிலும் போலீஸ். அப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறான். இன்ஸ்பெக்டர் விசில் அடித்து நிற்கச் சொல்கிறார். அப்பன் நிற்காமல் ஓடிப்போய் மகளருகே முழங்காலில் விழவேண்டும்.

அந்த நிற்காமல்தான் அவனுக்கு வரவில்லை.

எப்படி வரும்? வியாசர்பாடியில் நடக்கப் பழகியபோதே பந்தும் பழகியவன். பிறகு ஒரு கம்பெனியின் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரன். விசில் அடித்தால் நிற்கவேண்டும். பந்து கோல் வாயிலேயே கிடந்தாலும் சரி, எதிராளி காலை மிதித்துவிட்டு ஓடினாலும் சரி, நின்றே ஆகவேண்டும்.

ஒருமுறை இறுதி ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து எவனோ விசில் அடித்தான். இவன் நின்றுவிட்டான். பந்து இவனைத் தாண்டிப்போய் கோல் ஆனது. கோப்பையும் போனது. பயிற்சியாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். விசில் விசில்தானே சார் என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு முட்டி போயிற்று. அணியையும் கலைத்தார்கள். ஆள் ஓங்குதாங்காக இருக்கிறானே என்று ஒரு சண்டைப் பயிற்சியாளர் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அடியாள். கதாநாயகர்களிடம் உதை வாங்கிப் பறந்தான். வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நின்றான். தலை நரைத்ததும் கான்ஸ்டபிள், லாரி டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர். எவனுக்கும் பெயர் கிடையாது.

இந்தப் படத்தில்தான் பெயர் வந்தது. மாசிலாமணி. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். படம் நெடுக வருகிறவன். மனைவி ரெஜினா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இன்றுதான் முதல் நாள். ஆளை மாற்றினால் ஏன் என்று கேட்பாரில்லை.

துணை இயக்குநர் பக்கத்தில் வந்தார். தணிந்த குரலில்தான் பேசினார். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும் என்றார்.

வேறு ஏற்பாடு, குடைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. அதே அழுக்கு லுங்கி. அதே கிழிந்த சட்டை.

அந்த ஆள்மேல் கோபமில்லை. அவரும் பிழைக்க வந்தவர். தன் கால்கள்மேல்தான் கோபம்.

மேக்கப் போடும் கன்னியப்பன் பஞ்சைச் சுருட்டி நீட்டினார். காதில் அடைத்துக்கொண்டால் விசிலாவது ஒன்றாவது, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நல்ல யோசனைதான். வாங்கிக்கொண்டான். காதருகே கொண்டுபோனான்.

கை அங்கேயே நின்றது.

மாசிலாமணி செவிடனில்லையே.

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவனுக்கு விசில் கேட்கும். நிற்கச் சொல்கிறார்கள் என்று தெரியும். நிற்காவிட்டால் லத்தி விழும் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் ஓடுகிறான்.

பஞ்சைத் திருப்பிக் கொடுத்தான்.

“வேணாண்ணே. கேக்கட்டும்.”

இன்ஸ்பெக்டர் வேஷக்காரரிடம் போய், இன்னும் பலமாக ஊதச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். உனக்கென்ன பைத்தியமா என்பதுபோல் அவர் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

ஆக்‌ஷன்.

ஓடினான். கூட்டத்தைத் தோளால் இடித்துத் திறந்தான்.

விசில்.

கால் தயங்கியது. ஆமாம், தயங்கத்தான் செய்தது. கட்டைவிரல்கள் மணலைக் கவ்வப் பார்த்தன. போடா என்று திட்டினான். மற்ற காலை இழுத்து முன்னால் போட்டான்.

மறுபடியும் விசில். நீளமாக.

ஓடினான்.

ஒரு போலீஸ் இடுப்பைப் பிடித்தார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். முட்டி கதறியது. கதறட்டும்.

மகளருகே விழுந்தான்.

“கட்!”

கைதட்டினார்கள். குடைக்குக் கீழே இருந்தவரும் இளநீரை வைத்துவிட்டு எழுந்து தட்டினார். ஓகே என்று யாரோ கத்தினார்கள். கன்னியப்பன் துண்டோடு ஓடிவந்தார்.

அவன் எழவில்லை.

மணலில் கிடந்த தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கன்னத்தில் ஒட்டியிருந்த மணலைப் புறங்கையால் துடைத்தான். நெற்றியில் விழுந்திருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டான். எழுதிக் கொடுத்த காட்சியில் இதெல்லாம் கிடையாது.

கைதட்டல் அங்கங்கே அடங்கியது. துண்டோடு வந்தவர் வழியிலேயே நின்றார். கேமராவை நிறுத்தப் போன உதவியாளரின் கையை, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஒளிப்பதிவாளர் பிடித்துக்கொண்டார்.

செத்துக் கிடந்த பெண் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள்.

“சார், கட் சொல்லிட்டாங்க” என்றாள், உதடு அசையாமல்.

“கேட்டுச்சும்மா” என்றான். “நீ படு.”