மாப்பிள்ளையின் முன்னங்கால்

இடது இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, முனகியபடியே காரிலிருந்து இறங்கினார் சூப்பர்வைசர். குதிரைப் பயிற்சிக் கூடத்தின் வாசலில் அவருக்கு முன்பாகவே இன்னொரு நோயாளி நின்றுகொண்டிருந்தது.

அது அவர் ஏறும் குதிரை. சாப்பாட்டு நேரத்துக்கு டாணென்று ஆஜராகும், வேலை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே எல்லாரும் அதை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகில் சேணத்தோடு, இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் பரிதாபமாக நின்றது.

"வாங்க சார். உங்களுக்கும் முடியலையா?" என்றார் பயிற்சியாளர் அம்மா.

"ராத்திரியிலேர்ந்து இடுப்பு உயிர் போகுதும்மா" என்றார் சூப்பர்வைசர்.

மனைவி தலைக்கவசமும் பூட்ஸுமாகத் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க சோபாவில் கிடக்கும் மனுஷனை எழுப்பத்தான் இரண்டு பேரையும் இதில் சேர்த்துவிட்டிருந்தார். அவர் இப்போது குதிரையை ஓட்டமாகவே விடுகிறார். கணவர் இன்னும் பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார்.

"கொஞ்சம் நடந்தா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"நடந்தான்னுதான் சொன்னாரு. மேல உக்காந்து குலுங்கச் சொல்லல."

அதற்குள் கால்நடை டாக்டர் மாப்பிள்ளையின் காலைத் தூக்கி, குளம்பை அழுத்திப் பார்த்து முடித்திருந்தார். "வெளிய ஒண்ணும் தெரியல. உள்ள அடிபட்டிருக்கலாம். இனிமே இது மேல ஆள் ஏத்தாதீங்க."

பயிற்சியாளர் சேணத்தைக் கழற்றினார். "ஓட முடியாததைப் பண்ணைக்கு அனுப்பிடுன்னு முதலாளி சொல்லிட்டாரு. அங்க துணைக்கு வேற குதிரையே கிடையாது, தனியாத்தான் கட்டிப்போடுவாங்க. சாயங்காலம் வண்டி வருது. சார், உங்க கிளாஸும் இத்தோட சரி. உங்களுக்கு ஏத்த மாதிரி சாதுவா வேற குதிரை இல்ல."

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கேட்டதும் சூப்பர்வைசருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தைக் கஷ்டப்பட்டுச் சோகமாக வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இருங்க, முதலாளிகிட்ட நான் பேசிப் பாக்குறேன்" என்று மனைவி கிளம்பினார். பயிற்சியாளரும் டாக்டரும் அவர் பின்னாலேயே ஆபீஸ் அறைக்குள் போனார்கள்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து அவருடைய சட்டைப் பையை மோந்து பார்த்துவிட்டு, தோளில் தலையை வைத்தது. முதல் நாள் அவர் மேலே உட்கார்ந்து நடுங்கியபோது, அவர் இறங்கும்வரை ஓர் அடிகூட நகராமல் நின்ற ஜீவன் அது. அந்த நன்றி அவருக்கு இருந்தது.

நெற்றியைச் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தபோது வேலைக்காரப் பெண் ஒருத்தி வேறொரு குதிரைக்காகச் சேணம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். மாப்பிள்ளை சட்டென்று தலையை எடுத்தது. இரண்டு அடி நொண்டிக் காட்டியது. வலது காலை.

சேணம் கண்ணை விட்டு மறைந்ததும் நாலு காலிலும் ஜம்மென்று நின்றது.

"அடப்பாவி" என்றார் சூப்பர்வைசர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இனி எல்லா ஞாயிறும் சோபாதான். ஆனால் இது எங்கேயோ தன்னந்தனியாகக் கட்டுண்டு கிடக்கும். மாப்பிள்ளை அவர் கழுத்தில் வெதுவெதுப்பாக மூச்சு விட்டது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"தொலையுது போ" என்று வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆபீஸ் அறையை எட்டிப் பார்த்தார். "வண்டிய வர வேணாம்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு நோயும் இல்ல."

எல்லாரும் வெளியே வந்தார்கள். சேணத்தைக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கணம் யோசித்துவிட்டு வலது காலை நொண்டியது. சேணத்தை உள்ளே எடுத்துப் போனதும் நேராகத் தீவன வாளிக்கு நடந்தது. பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்கே பிடிபடல. நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

சூப்பர்வைசருக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஃபேக்டரில எல்லாருக்கும் லீவு குடுக்குறதே நான்தான் டாக்டர். இந்த மாதிரி எத்தனை பேரப் பாத்திருக்கேன். நெஜமா வலிச்சா இடம் மாறாது. நடிக்கிறவங்களுக்குத்தான் எந்தப் பக்கம்னு மறந்துபோயிடும்."

மனைவி அவருடைய தலைக்கவசத்தை எடுத்து வந்து, தலையில் வைத்து, தாடைக்குக் கீழே பட்டியை மாட்டினார். பிறகு அவர் இடுப்பில் இருந்த கையைப் பார்த்தார்.

"வீட்ல கிளம்பும்போது உங்களுக்கு இடது பக்கம்தாங்க வலிச்சது."