தீவிலிருந்து வந்த தாழி

ராஜபாளையம் ஞானராஜ் வாத்தியாருக்கு எரிச்சல் தாங்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத் தீவில் தோண்டியெடுத்த பழம்பொருள்களை, ஒரு பெரிய தாழியோடு, வீட்டு முன்னறையில் பரப்பியிருந்தார். ஊரார் ஆர்வம் காட்டினால் இங்கேயே மியூசியம், இல்லையென்றால் எல்லாம் சென்னைக்கு என்று தொல்பொருள் அதிகாரி துரை சொல்லியிருந்தார்.

தெருவே திரண்டு வந்தது. தாழிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் பேசாமல் தரையில் உட்கார்ந்தார்கள். மனைவி ஏசம்மாள் நீட்டிய காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள். போய்வருகிறேன் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

"மரியாதை தெரியாத சனம்" என்றார் வாத்தியார்.

"நீங்க பாடம் எடுத்துப் பயங்காட்டிருப்பிய" என்றாள் ஏசம்மாள்.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் தயங்கி நின்றான். "ஒண்ணு கேக்கலாமா வாத்தியாரையா?"

"கேளுப்பா. நீயாவது கேளு."

"தாழிக்குள்ள எலும்பாக் கெடக்காவுளே, அவியள எப்ப எடுக்கிய? காலையிலருந்து தெருவுல ஒரு வீட்டுலயும் அடுப்புப் பத்த வைக்கல."