வெளிக்கதவு

சிறைநகரில் பிறந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதில் ஒரே ஒரு முறை வெளிக்கதவு திறக்கும். அந்த நேரத்தில் மணிக்கட்டுப் பட்டை கோபத்தில் சிவந்துவிட்டால், ஆயுளுக்கும் உள்ளேதான்.

வான்மதி கதவை நெருங்கியபோது, வழியனுப்ப வந்த அம்மாவைக் காவலர் வேண்டுமென்றே பிடித்துத் தள்ளினார். அம்மா குப்புற விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

வான்மதியின் பட்டை பச்சையாகவே இருந்தது. கதவு திறந்தது.

"கோவத்த அடக்கிட்டியே, என் தங்கம்! ஓடிரு, திரும்பிப் பாக்காத!" என்றாள் அம்மா.

வான்மதிக்குக் கால் எழவில்லை.

"நான் அடக்கலம்மா," என்றாள். "நீ விழுந்தப்போ எனக்கு ஒண்ணுமே தோணல."

அம்மாவின் முகம் வெளுத்தது. எதற்கும் கோபப்படாதே என்று நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே பழக்கியவள் அவள்தான்.

காவலர் சிரித்தார். "பயப்படாத பாப்பா. அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நானும் இங்க பொறந்தவன்தான். வெளிய போனா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இந்த வேலதான் குடுப்பாங்க."

அம்மாவைத் தள்ளிய அந்தக் கைகளை வான்மதி பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து, அம்மாவின் அருகே மண்ணில் உட்கார்ந்து, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போடீ, போயிரு!" என்று அம்மா கதறினாள்.

கதவு மூடிக்கொண்டது.