தொடாமல் வரும் கை

பக்கவாட்டு ஜன்னலிலிருந்து காலை வெயில் அறையின் குறுக்கே விழுந்து எதிர்ச் சுவரில் ஏறுகிறது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த அப்பா, இன்றுதான் வாக்கரைப் பற்றிக்கொண்டு முதன்முதலாக எழுந்து நிற்கிறார். நாற்காலி நாலெட்டில்தான் இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது அக்கரை. எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறாள் என்று அவர் சலித்துக்கொள்ளும் பெரியவள், துடைத்த தரையில் மண்டியிட்டு, எங்காவது ஈரம் மிச்சமிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்க்கிறாள். கோமாளி என்று அவர் திட்டித் தீர்த்த மகன், அவருக்கு முன்னால் நின்று, அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்கிறான். அவருடைய முழங்கால் வெடவெடக்கிறது. அவமானத்தில் முகம் சுருங்குகிறது. "அவசரமே இல்லப்பா. அந்த நாற்காலி ஓடிப் போனா நான் பிடிச்சுக் கட்டிப் போடறேன்" என்கிறான் மகன். அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்த வாக்கிலேயே கால் ஓரடி வைத்துவிடுகிறது.

சின்னவள் வாயே திறக்கவில்லை. ஊமைக்கோட்டான் என்றுதான் அவளை அவர் கூப்பிடுவார். சுவரில் அவருடைய கூன் விழுந்த நிழல் நகர்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால், ஒட்டாமல் விலகாமல், ஒரு கையின் நிழலும் கூடவே நகர்கிறது. தொட்டால் அவர் சீறுவார் என்று அவளுக்குத் தெரியும். யார் தயவும் வேண்டாம் என்றே காலம் தள்ளிய மனிதர். பாதி வழியில் அவர் நிற்கிறார். தரையில் தடவிய கை நிற்கிறது, மகனின் பேச்சு நிற்கிறது. அப்பா திரும்பாமல், சுவரைப் பார்த்தே சொல்கிறார்:

"எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கிட்டே வருவே? பிடிச்சுக்கோம்மா."