எடைத் தூளி

கருத்தம்மாவுக்குக் கழுத்து வலது பக்கம் திரும்பவில்லை.

கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் ஒன்றரை ஷிப்ட், தொடர்ந்து ஆறு நாள். இடது பக்கம் மட்டும் திரும்பும். பால்வாடித் தராசு அந்தப் பக்கம்தான் தொங்கியது.

மாதம் ஒரு தடவை எடை. தராசின் கொக்கியில் துணித்தூளி, தூளிக்குள் பிள்ளை. முள் நிற்கிற இடத்தை டீச்சர் கோமளா நோட்டில் எழுதுவாள். கோட்டுக்குக் கீழே நின்றால் சிவப்பு. இரண்டு மாதம் சிவப்பென்றால் தாயும் பிள்ளையும் பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். சாப்பாடு உண்டு, மருந்து உண்டு, சம்பளம் கிடையாது.

மூன்று நாள் போகாவிட்டாலே அவள் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

மகன் ரித்தீஷுக்கு இரண்டு வயது. குழந்தைகள் நலத் திட்டத்தில் முட்டை கொடுத்தார்கள், சத்துமாவு கொடுத்தார்கள். தின்றான். தின்றதெல்லாம் தண்ணீராகப் போயிற்று. பதினொரு லைன் வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அதே திட்டத்தில் இன்னொன்று கட்டினார்கள். டைல்ஸ் ஒட்டினார்கள், படம் வரைந்தார்கள், தண்ணீர்க் குழாய் மட்டும் வைக்கவில்லை.

போன மாதம் முள் எட்டு கிலோ முந்நூறில் நின்றது. கோடு எட்டு அறுநூறு.

இப்போது ரித்தீஷ் தூளிக்குள் காலை உதைத்தான். முள் ஆடி ஆடி நின்றது.

"எட்டு எழுநூறு! ஏறிட்டியே கண்ணு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம காப்பாத்திட்டே" என்றாள் கோமளா.

அடுத்து, பக்கத்து வீட்டு அன்புசெல்வியின் மகள் அபிராமி. போன மாதம் அவளுக்கும் சிவப்பு. நாலு நாளாகப் பேதி. கையும் காலும் ஈர்க்குச்சி. அவளும் கோட்டைத் தாண்டினாள். ஐம்பது கிராம் தாண்டினாள்.

இருபத்தேழு பிள்ளைகளும் ஏறியிருந்தார்கள்.

திட்ட அலுவலர் செல்வக்குமார் புதுக் கக்கூஸைப் படம் எடுத்தார். தராசைப் படம் எடுத்தார். தூளியைத் தொட்டுப் பார்த்து, தையல் சுத்தமாக இருக்கிறது என்றார்.

"ஒரு சிவப்புகூட இல்லீங்க டீச்சர். அடுத்த மாசத்திலிருந்து முட்டையை வேற பால்வாடிக்கு மாத்திக்கலாமுங்க."

தையல் சுத்தமாகத்தான் இருக்கும். பழைய தூளி கிழிந்ததும் புதுசு தைத்துக் கொடுத்தது கருத்தம்மா. தூளியின் எடையைக் கழித்துத் தராசு முள்ளைப் பூஜ்யத்தில் வைக்கிற திருகு துருப்பிடித்து வருஷக்கணக்காகிறது, அதை யாரும் தொடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். குளிர்நாட்டு ஸ்வெட்டருக்குப் போகிற தடித்த துணியை எடுத்தாள். இரண்டு மடிப்பு வைத்து, கம்பெனியில் துணி நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்தாள். போதவில்லை. மூன்றாவது மடிப்பு வைத்தாள்.

பழைய தூளியைவிட நானூறு கிராம் கூடுதல்.

ரித்தீஷ் ஒருத்தனை நினைத்துத்தான் தைத்தாள்.

அன்புசெல்வி அபிராமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கருத்தம்மாவின் வலது பக்கம் வந்து நின்றாள்.

"தப்பிச்சேனுங்கக்கா. சூப்பர்வைசர் கால்ல விழாத கொறையா பதினாலு நாள் லீவு கேட்டு வாங்கி வெச்சிருந்தேன். வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

கருத்தம்மாவுக்குக் கழுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை. கம்பெனிப் பக்கம் நடந்தாள்.

ஒரு மணி நேரப் பர்மிஷன் முடியப் பத்து நிமிஷம் இருந்தது.

அபிராமிக்குக் கருத்தம்மா தர வேண்டிய பாக்கி, நானூறு கிராம்.