நிறம் மாறாத விரல்

விபத்தில் அறுந்த என் வலக் கட்டைவிரலை ஒட்டித் தைத்திருந்தார்கள். கழுத்தோரம் செருகிய மெல்லிய குழாய் வழியாக அந்தக் கை மரத்துப்போக மருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. "அதிர்ச்சியான எதையும் சொல்லிடாதீங்க, ரத்தக்குழாய் சுருங்கி விரல் கறுத்துடும்" என்று டாக்டர் எல்லோரையும் எச்சரித்திருந்தார். அதனால் என் மனைவி வினோதினி பக்கத்து வார்டில் தூங்குவதாகவே சொன்னார்கள். மாமியார் மட்டும் என் காதருகே குனிந்தார்.

"அவ தூங்கல மாப்பிள்ளை. நேத்தே எரிச்சிட்டோம். நீங்க வண்டி ஓட்டின லட்சணம்."

சொல்லிவிட்டு விரலையே பார்த்தார். நானும் பார்த்தேன். அது கறுக்கவில்லை. நர்ஸ் வந்து ஊசியால் குத்தினாள். செக்கச்செவேலென்று ஒரு துளி எழுந்தது.

"சூப்பர் சார், நல்லா சூடா இருக்கு. மருந்து ஓடுற வரைக்கும் இந்தக் கைக்கு வலி, அதிர்ச்சி எதுவும் எட்டாது. ரத்தம் பாட்டுக்கு ஓடும்."

"தாலி கட்டின கைம்மா இது" என்றார் மாமியார் அவளிடம். "பொண்டாட்டி செத்துட்டான்னு சொல்லியும் நிறம்கூட மாறல பாரு."

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். என் இடக்கை கழுத்தோரம் அந்தக் குழாயைத் தேடிப் போனது. மாமியார் தலையணையை நகர்த்தி வழிவிட்டார்.