ஷெல்பிக்கு ஒரு கேக்

கேக் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தில் கொஞ்சம் சோகத்தையும் வரவழைத்துக்கொண்டு மெரிடித் காரிலிருந்து இறங்கினாள். கடையில் பாதி விலைக்குக் கிடைத்த நேற்றைய பீச் பழக் கேக் அது. வீட்டுத் தட்டுக்கு மாற்றி, மேலே சர்க்கரைப் பொடி தூவியிருந்தாள். இந்த வீட்டுக்கு இதுவே அதிகம் என்பது அவள் எண்ணம்.

டார்லாவின் வீடு சக்கரம் வைத்த தகர வீடு. கேன்சஸ் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஓட்டை டிரக்கில் டார்லா சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் மகள் ஷெல்பி பதினொன்றாவதை முடித்த கையோடு, பன்னிரண்டாவதை விட்டுவிட்டு இன்று கல்லூரிக்குப் போகிறாள். கெட்டிக்காரப் பிள்ளைகளை அப்படி ஒரு வருஷம் முன்னதாகவே சேர்த்துக்கொள்கிற கல்லூரி அது.

மெரிடித்தின் மகன் எவரெட் காலையிலிருந்தே அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். "ஷெல்பிக்கு உதவப் போறேன்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். போட்டிக்காரியை வழியனுப்புவதில் மகனுக்கும் பங்கு இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

"ஐயோ மெரிடித், உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" டார்லா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன பெரிய சிரமம்? ராத்திரி தூங்காம உக்காந்து பண்ணேன். நம்ம ஷெல்பிக்குப் பண்ணாம வேற யாருக்குப் பண்ணப் போறேன்?"

"நீங்க மட்டும் சொல்லலைன்னா இவளை நான் அனுப்பியிருக்கவே மாட்டேன். பதினேழு வயசுதானே, ஒரு வருஷம் கழிச்சுப் போகட்டுமேன்னு இருந்தேன்."

அது உண்மைதான். வசந்த காலம் முழுக்க மெரிடித் இந்தத் தகர வீட்டுக்கு நடையாய் நடந்திருந்தாள். எவரெட்தான் காரோட்டி. அவன் மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். இவள் டார்லாவின் கசப்புக் காபியை முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, "மூளை இருக்கிற பிள்ளை எதுக்கு டார்லா பள்ளிக்கூடத்துல உக்காந்து இன்னும் ஒரு வருஷத்தை வீணாக்கணும்? பன்னிரண்டாவது மக்குப் பசங்களுக்கு" என்று ஓதிக்கொண்டே இருப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. வகுப்பில் ஷெல்பி முதல், எவரெட் இரண்டாவது. இருவருக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி. பன்னிரண்டாவது முடிவில் முதலாவது வருகிற பிள்ளைதான் பள்ளி நிறைவு விழா மேடையில் ஊர் கேட்கப் பேசும்.

மெரிடித்தும் அந்தப் பள்ளியில் இரண்டாவதாக வந்தவள்தான். இன்னொருத்தி மேடையில் பேச, கீழே உட்கார்ந்து கை தட்டியவள். அந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவள் பெற்ற பெண்ணுக்கு எவரெட்டும் கை தட்டுவதா? ஷெல்பி ஒழிந்தால் அவன்தான் முதல். அந்த விழாவுக்குத் தான் போட்டுக்கொள்ள வாங்கிய நீல உடுப்பு இப்போதே அலமாரியில் தொங்குகிறது.

ஷெல்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ரொம்ப நன்றி. மேடையில பேச முடியாமப் போச்சேன்னுதான் கொஞ்சம் வருத்தம்."

"அட போம்மா! கறுப்பு அங்கியை மாட்டிக்கிட்டுக் கோமாளி மாதிரி நிக்கிறது ஒரு பெருமையா?" என்றாள் மெரிடித். பக்கத்தில் நின்ற எவரெட் ஆமாம் என்று தலையாட்டினான். மகன் என்ன அழகாக ஒத்து ஊதுகிறான் என்று அவளுக்குப் பூரித்துப்போனது.

டிரக்குக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு மேசை விளக்கு, இரண்டு துணிக்கூடை, இரண்டு குட்டி மின்விசிறி. ஒரு பெண்ணுக்கு எதற்கு எல்லாம் இரண்டிரண்டு? எங்கேயோ இனாமாகக் கொடுத்திருப்பார்கள், விடாமல் அள்ளி வந்திருக்கிறார்கள், அற்பங்கள்.

டார்லா மூக்கை உறிஞ்சினாள். "நான் காலையிலேருந்து அழுதுட்டே இருக்கேன். நீங்க எப்படித்தான் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம நிக்கிறீங்களோ!"

உன் மகள் தொலைந்தால் நான் எதற்கடி அழ வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள் மெரிடித். "மனசைக் கல்லாக்கிக்கிட்டேன் டார்லா" என்று வெளியே சொல்லி, கேக் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, காய்ந்த கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றினாள்.

இந்த நல்ல நாளைப் பார்க்கக் கணவருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. மனுஷன் விடியுமுன்னே கைப்பேசியைக்கூட எடுக்காமல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

டார்லா டிரக்கைக் கிளப்பினாள். ஷெல்பி அவள் பக்கத்தில் ஏறினாள். எவரெட் பின்கதவை அடித்துச் சாத்திவிட்டு, முன்னால் வந்து ஷெல்பியின் பக்கத்தில் ஏறிக் கதவை மூடினான்.

"டேய், நீ எங்கடா போற? அங்கே மூட்டை இறக்க ஆள் இருப்பாங்க. இறங்கு! அடுத்த வாரம் உனக்குப் பள்ளிக்கூடம் திறக்குது."

எவரெட் திகைத்துப் போய்ப் பார்த்தான். "அப்பா உன்கிட்டச் சொல்லலையா? நேத்து ராத்திரியே சொல்லிடறேன்னாரே! என்னையும் அந்தக் கல்லூரியில சேர்க்கக் கையெழுத்துப் போட்டதே அவர்தாம்மா."

மெரிடித்தின் கையில் தட்டு சாய்ந்தது. சர்க்கரைப் பொடி அவள் காலணியில் கொட்டியது. "எவரெட், நீதான்டா இப்போ முதல்! இன்னும் ஒரே ஒரு வருஷம்டா! பன்னிரண்டாவதை மட்டும் முடிச்சிடுடா!"

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விழப்போன கேக்கை அவன் பத்திரமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அது மக்குப் பசங்களுக்குன்னு நீதானேம்மா சொன்ன?"